அக்காவுக்கு ஆகாத மருந்து

நான் ஆராய்ச்சியில் சேர்ந்த வருஷம்தான் அப்பா ஆவடி ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றார். நான் பிறந்து வளர்ந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, திருநின்றவூரில் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். மனைக்கல் நட்ட வெற்று நிலங்களுக்கு நடுவே தனியாக நின்ற வீடு. காலையில் அங்கிருந்து ரயில் நிலையம், ரயிலில் ஆவடி, ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ், கரையான்சாவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ, வேலப்பன்சாவடியில் இறங்கி நூம்பல் பக்கமாக நடை. கல்லூரி வாசலை மிதிக்கும்போதே ஒரு நாள் வேலை முடிந்த மாதிரி இருக்கும். வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகும்.

லேப் மாடியில், மேற்கு வெயில் நேராக விழும் பக்கம் இருந்தது. அதில் இரண்டே பேர். நான் ஒருத்தி. இன்னொருத்தர், ப்ராஜெக்டில் டெக்னீஷியனாக இருந்த அக்கா. என்னைவிடச் சில வயது மூத்தவர், எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி படித்தவர். அம்பத்தூரில் பிறந்து, அம்பத்தூரிலேயே கல்யாணமாகி, அங்கிருந்து வானகரம் வழியாக ஸ்கூட்டியில் வருவார். வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். பள்ளிக்குப் போகும் ஒரு மகள். எங்கள் கைடு மேடம் முன்னால் திருத்தமாகப் பேசுவார். மேடம் வகுப்புக்குப் போனதும், "இன்னாடி, இன்னிக்கு எதுனா வளந்துகீதா?" என்று அவருடைய சொந்தத் தமிழுக்கு வந்துவிடுவார். எனக்கு வீட்டில் பேசுவது தெற்கத்திப் பேச்சு. அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வது அந்த அறையில் எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு.

எங்கள் வேலை இதுதான். சாயக்கழிவை உடைக்கக்கூடிய ஒரு ஜீனை, ஒன்றும் செய்யாத சாதுவான லேப் பாக்டீரியாவுக்குள் ஏற்ற வேண்டும். ஜீனைத் தனியாக ஏற்ற முடியாது. பிளாஸ்மிட் என்கிற ஒரு சின்ன டி.என்.ஏ. வளையத்தில் ஒட்டித்தான் ஏற்ற முடியும். கோடிக்கணக்கான பாக்டீரியாவில் ஏதோ சில மட்டும்தான் அந்த வளையத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். அந்தச் சிலதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் ஆன்டிபயாட்டிக். வளையத்திலேயே, ஆம்பிசிலின் மருந்தைச் செயலிழக்க வைக்கும் இன்னொரு ஜீனும் இருக்கும். பாக்டீரியா வளர்கிற தீனியில் ஆம்பிசிலினைக் கலந்துவிட்டால், வளையம் வாங்கியது பிழைக்கும், வாங்காதது சாகும். மருந்துக்குத் தப்பி எது நிற்கிறதோ அதுதான் நமக்கு வேண்டியது.

சொல்லும்போது சுலபம். தீனியையும், அதை ஜெல்லிபோல உறைய வைக்கும் அகாரையும் தண்ணீரில் கலந்து ஆட்டோகிளேவில், அதாவது எங்கள் பெரிய குக்கரில், வேகவைத்து எடுக்க வேண்டும். எடுத்ததும் மருந்தைக் கலந்தால் சூட்டில் மருந்து கெட்டுவிடும். ரொம்ப ஆறவிட்டால் அகார் கட்டிதட்டிப் போகும். அக்கா குடுவையை முன்கையின் உட்பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குப் பால் ஆற்றுகிறவர்கள் பார்ப்பதுபோல. சரி என்று தலையாட்டினால் நான் மருந்தை ஊற்றுவேன். பிறகு வரிசையாக வட்டப் பிளேட்டுகளில் ஊற்றி, மூடி போட்டு, உறைய வைப்போம். உறைந்ததன்மேல்தான் பாக்டீரியாவைப் பரத்துவோம்.

மருந்து வெள்ளைப் பொடியாக வரும். தராசில் எடைபோட்டுத் தண்ணீரில் கரைத்துச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து ஃப்ரீசரில் வைக்க வேண்டும். எடைபோடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவோம், பொடி பறக்கும் என்று. அந்த மேற்கு அறையில் மின்விசிறி இல்லாமல் நிற்பது ஒரு தண்டனை. அது டெக்னீஷியன் வேலை என்பதால் அக்காதான் செய்வார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டி நிற்க, மூச்சை அடக்கிக்கொண்டு, கரண்டி நுனியால் பொடியைத் தட்டித் தட்டிப் போடுவார். இந்த வேலையை அவர் எனக்கு முன்பிருந்தே பல வருஷமாகச் செய்துவந்தார்.

பெரும்பாலான நாட்கள் தோல்விதான். ஃப்ரீசர் பழையது. இரவில் கரண்ட் போய் வந்திருந்தால் மருந்து உருகி, வீரியம் போய், மறுபடி உறைந்திருக்கும். பார்த்தால் தெரியாது. அதை நம்பி நாங்கள் பிளேட் போடுவோம். மறுநாள், இளஞ்சூட்டில் பாக்டீரியாவை வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரைத் திறந்தால், வளையமே இல்லாத, செத்துப்போயிருக்க வேண்டிய பாக்டீரியா, பிளேட் முழுக்கத் தயிர் சாதத்தைப் பரத்தியதுபோல வளர்ந்து கிடக்கும். சில நாள் பாதி வெற்றி வரும். நடுவில் பெரியதாக ஒரு கூட்டம், அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக நிறைய. பெரியது மருந்தை முறித்துவிடும். அந்த நிழலில் வளையம் இல்லாததெல்லாம் வந்து ஒதுங்கும். அக்கா அதைப் பார்த்து, "நடுவுல கீறவன் ஊட்டுக்காரன். சுத்தி கீறதெல்லாம் ஒண்டுக்குடித்தனம்" என்பார். முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். பிறகு, பிளேட்டைத் தூக்கிக் காட்டி "ஒண்டுக்குடித்தனம்" என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிக்கொண்டு, குப்பைக்கு ஒதுக்குவோம். அந்தப் பிளேட்டுகளையும் சும்மா எறிய முடியாது. திரும்ப வேகவைத்துக் கொன்றுதான் எறிய வேண்டும். வேகும்போது வரும் வாடை துப்பட்டாவில் ஏறி வீடு வரைக்கும் வரும். அம்மா கதவைத் திறந்ததும் முகத்தைச் சுளிப்பாள். எதற்கு இப்படிக் கிடந்து அலைகிறாய், படித்த படிப்புக்கு ஒரு பள்ளிக்கூட வேலைக்குப் போகக்கூடாதா என்று கேட்பாள். நான் பையை வைத்துவிட்டு நேராகக் குளிக்கப் போவேன்.

அக்காவுக்குத் தும்மல் எப்போது ஆரம்பித்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. முதலில் ஒன்றிரண்டு தும்மல். பிறகு கண்ணிமை அரிக்கிறது என்று முழங்கையால் தேய்த்துக்கொள்வார். அப்போது பூந்தமல்லி சாலை நெடுக மெட்ரோ தூண் வேலை நடந்துகொண்டிருந்தது. ரோடு முழுக்கப் புழுதி. ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்தால் கைக்குட்டை சிவப்பாகும். எனக்கும்தான் கண் எரிந்தது. அதனால் எல்லாம் புழுதி என்றே வைத்துக்கொண்டோம். அக்கா மருந்துக்கடையில் ஒரு அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பார். மதியத்துக்கு மேல் அந்த மாத்திரையில் கண் சொக்கும். நின்றபடியே பெஞ்சில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார். பிறகு கையுறை முடிகிற இடத்தில், மணிக்கட்டைச் சுற்றி, வளையல் போட்டதுபோலத் தடிப்பு வந்தது. கையுறை மட்டம் என்றோம். வேறு கையுறை வாங்கினோம்.

தும்மல் ஞாயிற்றுக்கிழமையில் வருவதில்லை என்று ஒரு நாள் அக்காவே சொன்னார். "சர்ச்சுல உக்காந்து ஊதுவத்தி, சாம்பிராணி எல்லாத்தையும் இழுக்குறேன், ஒண்ணும் ஆவல. இங்க வந்தா ஆவுது" என்றார். ரோட்டில் வராத நாள் அல்லவா, அதனால்தான் என்றேன். அவரும் ஆமாம் என்றார். இரண்டு பேருமே பாக்டீரியா படித்தவர்கள்.

அந்த வருஷத் தவக்காலத்தில் அவருக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. நாலைந்து நாள் கிராம்பை வைத்துச் சமாளித்துவிட்டு, ஒரு நாள் காலை வரும் வழியில் ஒரு சின்ன கிளினிக்கில் காட்டி மாத்திரை வாங்கி வந்தார். மதியம் நாங்கள் லேபுக்கு வெளியே வராந்தா மூலையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். உள்ளே சாப்பிடக் கூடாது. தவக்காலத்தில் கறி சாப்பிடமாட்டார் என்பதால் அவருக்குத் தக்காளிச் சோறு. ஒரு பக்கமாகவே மென்று, பாதியில் மூடி வைத்துவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

நான் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தபோது உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தார். அரிக்கிறது என்றார். முகத்தைப் பார்த்தேன். உதடு ஒரு பக்கம் தடித்திருந்தது. பல் வீக்கம் பரவுகிறதோ என்று நினைத்தேன். கழுத்தில் சிவப்புத் திட்டுகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றோடொன்று சேர்ந்தன.

"தொண்டைல இன்னாவோ அடைக்குதுடி" என்றார். குரல் அவருடைய குரலாக இல்லை.

மாத்திரை அட்டை சாப்பாட்டுப் பைமேல் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அமாக்சிசிலின். எங்கள் ஃப்ரீசரில் இருக்கிற ஆம்பிசிலினுக்குக் கூடப்பிறந்த மருந்து, இரண்டும் பென்சிலின் வம்சம். அந்த நொடியில்தான் தும்மல், இமை, மணிக்கட்டுத் தடிப்பு எல்லாம் வரிசையாக என் முன்னால் வந்து நின்றன.

அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு படி இறக்கினேன். வாசலில் காவலுக்கு இருந்த பெரியவர் ரோட்டுக்கு ஓடி ஒரு ஷேர் ஆட்டோவை மறித்தார். உள்ளே இருந்தவர்கள் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்கள். ஓட்டுநர், "பேச்சு குடுத்துகினே வாங்கம்மா, கண்ண மூட வுடாதீங்க" என்றார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. நேற்றுப் போட்ட பிளேட்டைப் பற்றிப் பேசினேன். இன்குபேட்டரில் இருக்கிறது, சாயங்காலம் எடுக்க வேண்டும், இந்தத் தடவை கட்டாயம் வரும் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் என் கையைப் பிடித்திருந்தார். மூச்சு விசில் மாதிரி போய் வந்தது. தூண் வேலைக்காக ரோட்டை மாற்றி விட்டிருந்த இடத்தில் ஆட்டோ நின்றபோது, அந்தச் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளம் டாக்டர் பெண். நான் மாத்திரை அட்டையை நீட்டி, லேபில் ஆம்பிசிலின் பொடி கையாளுகிறவர் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தொடையில் ஊசி போட்டார். முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் தேய்ந்தது. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ எழுந்திருக்கச் சொன்னார்கள்.

பேச வந்ததும் அக்கா முதலில் சொன்னது, "ஸ்கூட்டிய வெயில்ல வுட்டு வந்துட்டேன்" என்பதுதான்.

அவர் கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து கிரீஸ் பட்ட யூனிஃபாரத்தோடு வந்து சேர்ந்தார். டாக்டர் எங்கள் மூவரையும் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். வருஷக்கணக்கில் பொடி மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும் துளித்துளியாக உள்ளே போயிருக்கிறது. உடம்பு அதை எதிரி என்று பழகி வைத்திருக்கிறது. இன்று மொத்தமாக உள்ளே போனதும் சண்டைக்கு வந்துவிட்டது. இனி ஆயுசுக்கும் பென்சிலின் வகையில் எதுவும் கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும். பிறகு, கொஞ்சம் நிறுத்தி, அக்காவிடம் கேட்டார்.

"வேற வேலை பார்க்க முடியுமா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் ட்ரிப் பாட்டிலைப் பார்த்தேன்.

உடம்பு தேறியதும் அவர் திரும்பி வந்தார். நாங்கள் ஏதேதோ ஏற்பாடு செய்துகொண்டோம். மருந்து சம்பந்தப்பட்ட எல்லாம் நான், மற்றதெல்லாம் அவர். தராசைப் பக்கத்து ஸ்டோர் ரூமுக்கு நகர்த்தினேன். எடைபோட்டபின் லேப் கோட்டைக் கழற்றி வெளியே மாட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டுதான் லேபுக்குள் வருவேன். தும்மலும் தடிப்பும் நின்றுவிட்டது என்று நினைத்தோம். ஒரு நாள், டி.என்.ஏ.வை வெட்டும் என்சைமை எடுக்க ஃப்ரீசரைத் திறந்தார். கதவை மூடுவதற்குள் இமை வீங்கத் தொடங்கியது. அந்த ஃப்ரீசர் கைப்பிடியில், ரப்பர் விளிம்பில், தட்டுகளில் எத்தனை வருஷத்து மருந்து சிந்தி உலர்ந்திருக்கும். மின்விசிறி இறக்கையில், டியூப் லைட் மேல், ஜன்னல் கம்பியில் எல்லாம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எங்கே என்று துடைப்பது.

மேடம் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அன்று அவர் காலையிலிருந்து தொடர்ந்து வகுப்பெடுத்துவிட்டு வந்திருந்தார். சாக்பீஸ் கையைக் கழுவக்கூட இல்லை. ஆம்பிசிலினுக்குப் பதில் வேறு மருந்துக்கு மாறலாமா என்று நான் கேட்டேன். கானமைசின் வேறு வம்சம், பென்சிலினுக்கும் அதற்கும் உறவே கிடையாது.

"மாறலாம். ஆனா நம்ம ஜீன் எல்லாம் ஆம்பிசிலின் வளையத்துல இருக்கு. ஒவ்வொண்ணா வெட்டி எடுத்துப் புது வளையத்துல ஒட்டணும். இத்தனை வருஷம் பண்ணதை முதல்லேர்ந்து பண்ணணும். ப்ராஜெக்ட் அதுவரைக்கும் இருக்காது" என்றார். அப்புறம் அக்காவிடம், "எனக்கு வேற லேப் இல்லம்மா. இருந்தா உன்ன விடுவேனா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அதனால் சண்டை போடவும் வழியில்லை.

அக்கா அந்த மாதக் கடைசியோடு நின்றார். டீ கப், செருப்பு, அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த மாதா படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். லேப் கோட்டை மட்டும் ஆணியிலேயே விட்டார். எடுத்துக் கொடுக்கப்போன என்னைத் தடுத்து, "வேணாம். அதுல பொடி இருக்கும்" என்றார். வாசல் வரை போனேன். ஸ்கூட்டியை எடுத்துவிட்டு, நீ உள்ளே போ, வெயிலில் நிற்காதே என்றார்.

நான் வளையத்தை மாற்றத் தொடங்கினேன். மேடமிடம் என் ஆய்வுக்கே அது நல்லது, ஒண்டுக்குடித்தனத் தொல்லை கானமைசினில் கிடையாது என்று சொன்னேன். அது உண்மையும்தான். ஆனால் எனக்குள் இருந்தது வேறு. லேபிலிருந்து அந்தப் பொடியைத் துரத்திவிட்டால் அக்கா வந்துவிடுவார் என்று வைத்துக்கொண்டேன். இதை அவரிடம் சொல்லவில்லை. செய்து முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

அந்தக் கோடை முழுக்க அதுவே வேலை. பழைய வளையத்தைப் பெருக்கி எடுக்க வேண்டும், என்சைமால் ஜீனை வெட்ட வேண்டும், சுத்தம் பண்ண வேண்டும், புது வளையத்தை வெட்ட வேண்டும், இரண்டையும் ஒட்ட வேண்டும், பாக்டீரியாவில் ஏற்ற வேண்டும், கானமைசின் பிளேட்டில் பரத்த வேண்டும். மறுநாள் பிளேட் வெறுமையாக இருக்கும். ஆம்பிசிலினில் எல்லாம் வளர்ந்து தொலைத்தது. இதில் எதுவுமே வளரவில்லை. மறுபடி முதலிலிருந்து. பேச ஆள் இல்லை. குடுவையை முன்கையில் வைத்துப் பார்த்தேன். எனக்கு அந்தச் சூடு பிடிபடவில்லை. கானமைசின் சூட்டுக்கு அவ்வளவு பயப்படுகிற மருந்து இல்லை என்பதால் தப்பித்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன். வீட்டில் அப்பா ஓய்வுபெற்ற பிறகு வந்த புதுப் பழக்கமாக வாசலில் நின்று என்னை எதிர்பார்ப்பார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை வாங்கிக்கொள்வார்.

தப்பு எங்கே என்று கடைசியில் தெரிந்தது. ஆம்பிசிலின் பிளேட்டுக்குப் பழகிய அவசரத்தில், ஏற்றிய கையோடு பாக்டீரியாவைப் பரத்திக்கொண்டிருந்தேன். கானமைசினுக்கு அப்படிப் பண்ணக் கூடாது. மருந்தில்லாத தீனியில் சாவகாசமாகக் கொஞ்ச நேரம் விட வேண்டும். வளையத்தில் இருக்கிற ஜீன் விழித்துக்கொண்டு தன் வேலையைத் தொடங்க அவகாசம் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். களைத்த கண்ணுக்குப் படவில்லை. அவகாசம் கொடுத்ததும் வந்தன. ஒரு காலையில் இன்குபேட்டரைத் திறந்தேன். பிளேட்டில் அங்கங்கே தனித்தனியாக, உருண்டையாக, வெள்ளை வெள்ளையாகக் கொஞ்சம். பக்கத்தில் ஒண்டுக்குடித்தனம் எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, வளையம் ஏற்றாத பாக்டீரியாவைப் பரத்தியிருந்த பிளேட் சுத்தமாக இருந்தது. வளையத்தைப் பிரித்தெடுத்து வெட்டிச் சரிபார்த்தேன், ஜீன் உள்ளே இருந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. அதற்குப் பதிலாக ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். என் ஆய்வேட்டில் இதெல்லாம் ஒரே வரிதான். பிளாஸ்மிட் மாற்றப்பட்டது, கானமைசின் பயன்படுத்தப்பட்டது.

அதன் பிறகு கழுவினேன். மேடமிடம் சொல்லி ஆம்பிசிலின் டப்பாக்களை முறைப்படி அழிக்க அனுப்பினோம். ஃப்ரீசரை உருகவிட்டுத் தட்டுதட்டாகத் தேய்த்தேன். மின்விசிறி இறக்கைகள், ஜன்னல் கம்பி, தராசு, பெஞ்சின் அடிப்பக்கம். வகுப்பு முடிந்து வந்த மேடம் வாசலில் நின்று பார்த்தார். பிறகு அவரும் புடவையைச் சொருகிக்கொண்டு ஒரு பக்கம் துடைத்தார். யாருக்காக என்று கேட்கவில்லை. அக்கா விட்டுப்போன கோட்டைத் துவைக்கவில்லை. பையில் கட்டி, டப்பாக்களோடு சேர்த்தே அனுப்பிவிட்டேன்.

அக்காவுக்கு ஃபோன் செய்து, கரையான்சாவடியில் சந்திக்கலாமா என்றேன். வந்தார். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போயிருந்தது. திருவேற்காடு பக்கம் தண்ணீர் கேன் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். தண்ணீரை வடிகட்டி, பிளேட்டில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற வேலை. மருந்து எதுவும் கலக்க வேண்டியதில்லையாம்.

நான் விஷயத்தைச் சொன்னேன். எல்லாம் மாற்றியாயிற்று, லேபில் இனி அந்தப் பொடி ஒரு சிட்டிகை கூட இல்லை, மேடமிடம் புதுப் ப்ராஜெக்டுக்கு எழுதிப்போடச் சொல்லியிருக்கிறேன், நீங்கள் வந்துவிடலாம் என்றேன். அவர் ஸ்ட்ராவால் ஐஸைக் கிண்டிக்கொண்டே கேட்டார்.

"எனக்காகவா பண்ணே?"

"ஆமாக்கா."

"நான் கேக்கலியேடி."

கோபமாகச் சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். அவரே தொடர்ந்தார்.

"அங்க வளரணும், வளரணும்னு காத்துகினு கிடந்தோம். இங்க ஒண்ணும் வளரக்கூடாது. வளரலன்னா சந்தோஷமா ஊட்டுக்குப் போயிடலாம். பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வர்றதுக்குள்ள நான் ஊட்ல கீறேன். மூச்சு வுட முடியுது. மறுபடி அந்த ரூமுக்குள்ள வந்தா, பொடி இல்லன்னாலும், கைப்பிடிய தொடும்போதெல்லாம் எனக்கு அந்த ஆட்டோ நெனப்பு வரும்."

எத்தனை தேய்த்தேன் என்று சொல்ல நினைத்தேன். ஃப்ரீசர் விளிம்பைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததைச் சொல்ல நினைத்தேன். சொன்னால் அவருக்குச் சங்கடம். நல்லதுக்கா என்றேன். அது மனதிலிருந்து வந்ததுதான். ஆனால் இத்தனை நாள் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து ரயிலேறினேனோ அது இனி இல்லை. அவர் என் ஜூஸை என் பக்கம் தள்ளி, குடி, சூடாகிறது என்றார். பிளேட் எப்படி வந்தது என்று கேட்டார். ஃபோனில் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பழைய அக்கா இருந்தார்.

"சுத்தமா கீதுடி" என்றார். "இது உனக்குத்தான். எனக்குன்னு நெனச்சிகினு கஷ்டப்படாத."

பிறகு மகளின் பரீட்சை பற்றி, என் கல்யாணம் பற்றி அம்மா தொணதொணப்பது பற்றி, பல்லைப் பிடுங்கியது பற்றியெல்லாம் பேசினோம். பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்ததும் பென்சிலின் ஆகாது என்று மூன்று தடவை சொன்னாராம், அந்த டாக்டர் போதும்மா என்று கும்பிட்டாராம். இரண்டு பேரும் சிரித்தோம். ஆவடி பஸ் வந்தது. அவர் என்னை ஏற்றிவிட்டுத்தான் ஸ்கூட்டியை எடுத்தார்.

ஆவடியில் ரயில் கூட்டமாக இருந்தது. அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்ததுதான் தெரியும். யாரோ காலை மிதித்தபோது விழித்தேன். வெளியே வேப்பம்பட்டு பலகை போய்க்கொண்டிருந்தது. திருநின்றவூர் தாண்டிவிட்டது. அவசரமாக இறங்கி, எதிர் பிளாட்பாரத்துக்குப் போய், சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. அம்மா ஃபோன் பண்ணினாள். எங்கே இருக்கிறாய் என்றாள். தூங்கிவிட்டேன், வேப்பம்பட்டில் இருக்கிறேன் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அடுத்த ரயிலைப் பிடித்துத் திரும்பி வா, மறுபடியும் தூங்கித் தொலைக்காதே, அப்பா திருநின்றவூர் ஸ்டேஷனுக்கு வருவார் என்று சொல்லிவிட்டு வைத்தாள். சென்னைப் பக்கம் போகிற ரயில் தாமதம் என்று அறிவித்தார்கள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.